ஒற்றை விரலில் சுழலும் சக்கரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை வாசகர்கள் பலரும் அறிவர். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுக்குள், சமவெளியின் வெப்பத்தை விட்டு, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக்கு அச்சாலை நம்மை ஏற்றிச் செல்கின்றது. கோடை விடுமுறைக்கு வருவோருக்கு அவ்வளைவுகள் கண்கொள்ளாக் காட்சி. சேர்வராயன் மலையிலேயே வாழ்ந்து, காபியும் மிளகும் ஆரஞ்சும் விளைவித்து, அவற்றைச் சேலத்துச் சந்தைக்குக் கொண்டு செல்ல வேண்டிய குடும்பங்களுக்கோ அவை அன்றாடக் கணக்கு. இறங்கும்போது இருபது, ஏறும்போது இருபது. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் சக்கரத்தை முழுதும் வளைத்து, மீண்டும் முழுதும் நிமிர்த்தியாக வேண்டும்.

1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையில் காபியைப் பயிரிடச் செய்த நாளில், விளைந்ததெல்லாம் மனிதர் தலையிலும் பொதி மாட்டின் முதுகிலுமே இறங்கிற்று. இன்று அப்பாரத்தைச் சுமப்பவை சிறு சரக்கு வண்டிகளாகிய பிக்கப்புகள். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் ஆகிய எந்த ஊருக்குச் சென்றாலும், வண்ணம் மங்கிய பழைய பிக்கப் ஒன்றேனும் தோட்டத்து வாயிலில் நிற்பதைக் காணலாம். தகப்பன் ஓட்டிய வண்டியை மகன் ஓட்டும் வீடுகளும் உண்டு. இம்மாதம் நாம் எழுதப் புகுவது அத்தகைய வண்டி ஒன்றைப் பற்றியும், அதன் பொருட்டு ஒரு குடும்பத்தில் எழுந்த மனவருத்தத்தைப் பற்றியுமே.

நம் அன்பர் ஒருவர் ஏற்காட்டுப் பகுதியில் சிறு காபித் தோட்டம் வைத்திருப்பவர். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவரது பிக்கப் பழைய வகையைச் சேர்ந்தது. முன் அச்சு ஒரே தண்டாகப் பட்டைகளின் மேல் அமர்ந்திருக்கும். பிறந்தபோது அதற்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்குத் தோள்பட்டையில் வலி கண்டது. வளைவுகளில் சக்கரத்தை இழுக்க இயலாமல் வேதனைப்பட்டார். இதைக் கண்ட மகன், தந்தையின் மீதுள்ள பாசத்தால், சமவெளியிலுள்ள ஒரு பட்டறையில் பழைய உதிரிபாகங்களைக் கொண்டு அவ்வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் பொருத்தச் செய்தான். பெட்டி ஒரு வண்டியினுடையது. எண்ணெயைத் தள்ளும் பம்பு வேறொரு பெரிய லாரியினுடையது.

வண்டி வீடு வந்த அன்று குடும்பமே மகிழ்ந்தது. பேரன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஒற்றை விரலால் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினான். "இனி அப்பாவுக்குக் கவலையில்லை" என்றாள் மருமகள். பெரியவரும் முதல் வாரம் அதைப் புகழ்ந்தே பேசினார். பிறகு சிறிது சிறிதாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். "வண்டி என் கையில் நிற்கவில்லை, வெறும் வண்டியாக இருந்தால் அலைகிறது, மூட்டை ஏற்றிய நாளில் நேராகப் போகிறது" என்று ஒருமுறை மகனிடம் கூறினாராம். மகன் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், சேலத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மருமகளையும் பேரனையும் முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு பெரியவர் இறங்கினார். பின்தொட்டியில் சுமை ஏதுமில்லை. இரண்டாம் கியரில் மெல்ல வந்த வண்டி, வளைவொன்றில் திரும்பிய பின் நிமிர வேண்டிய இடத்தில் நிமிரவில்லை. அவர் சக்கரத்தைத் திருப்பினார். அது வேண்டியதற்கு மேல் திரும்பிற்று. மறுபுறம் வாங்கினார், அதுவும் மிகையாயிற்று. கைப்பிடிச் சுவரில் முன்தாங்கி உரசி வண்டி நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று மாலை மகன், "அப்பா, உங்களுக்கு வயதாகிவிட்டது, இனி வண்டியைத் தொட வேண்டாம்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான். நாற்பதாண்டுகளாக அம்மலையில் வண்டி ஓட்டியவர் மறுமொழி கூறாமல் உள்ளே சென்றுவிட்டார்.

இதை நாம் கேள்வியுற்றது அவர் வாயிலாக அன்று. அவரது துணைவியார் வாயிலாக. "அவர் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை; கை நடுங்குகிறதா என்று தாமே பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று அந்த அம்மையார் சொன்னது நம் மனத்தைத் தைத்தது. கையைச் சோதிக்குமுன் வண்டியைச் சோதித்தால் என்ன என்று நமக்குத் தோன்றிற்று. நமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு மலையேறினோம்.

பாரம் எங்கிருந்து வருகிறது?

அங்கே நாம் கண்டதைக் கூறுமுன், ஸ்டியரிங் சக்கரத்தில் நம் கை உணரும் பாரம் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். பலரும் அதை ஒரு குறை என்றே கருதுகின்றனர். எவ்வளவு இலகுவோ அவ்வளவு நன்று என்பது பொதுவான எண்ணம். இது சரியன்று.

மிதிவண்டி ஒன்றைப் பாருங்கள். அதன் முன்கவை நேர்குத்தாக நிற்பதில்லை; மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அக்கவை திரும்பும் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது விழும். எனவே சக்கரம் எப்போதும் அக்கோட்டின் பின்னால் இழுபட்டுச் செல்கின்றது. விலகினால் தானே நேராகத் திரும்ப முயல்கின்றது. பழகிய இளைஞர்கள் கைகளை விட்டு மிதிவண்டி ஓட்டுவதற்கு இச்சாய்வும் ஒரு காரணம். மோட்டார் வாகனத்தின் முன்சக்கரங்களுக்கும் இத்தகைய சாய்வு உண்டு. அதனைக் காஸ்டர் கோணம் என்பர். வளைவு முடிந்ததும் சக்கரம் நம் உள்ளங்கைக்குள் நழுவித் தானே நிமிர்கின்றதே, அந்த நிமிர்வைத் தருவது பெரும்பாலும் இக்கோணமே. நிமிர விரும்பும் சக்கரத்தை வளைத்துப் பிடிப்பதால்தான் கைக்குப் பாரம் தெரிகின்றது. அப்பாரமே, சாலை வழுக்குகின்றதா, டயர் பற்றுகின்றதா, வண்டி நேராகச் செல்கின்றதா என்பனவற்றை ஓட்டுநருக்குச் சொல்லும் மொழி.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வாகனங்களில் இக்கோணத்தைக் குறைவாகவே வைத்தனர். கோணம் கூடினால் மனிதத் தோள் தாங்காது. பவர் ஸ்டியரிங்குடன் பிறக்கும் வாகனங்களிலோ அதைக் கூட்டி வைப்பது வழக்கம். இயந்திரம் உதவுவதால் கைக்குச் சிரமம் இல்லை. நிமிர்வும் நன்றாகக் கிடைக்கும். நம் அன்பரின் வண்டியில் நேர்ந்த முதல் பிழை இங்கேதான். சாய்வு பழைய கணக்கிலேயே இருக்க, உதவி மட்டும் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

உதவி செய்யும் எண்ணெய்

பவர் ஸ்டியரிங்கின் செயல்முறை வியப்புக்குரியது, ஆயினும் எளியது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை இடைவிடாது தள்ளிக்கொண்டிருக்கின்றது. சிறு வாகனங்களில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 லிட்டர் வரை இருக்கும். ஸ்டியரிங் தண்டின் அடியில், பெட்டிக்குள், மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உண்டு. நாம் சக்கரத்தைத் திருப்பும்போது கீழேயுள்ள டயர்கள் எதிர்த்தால், அக்கம்பி சில பாகை முறுக்கிக்கொள்ளும். அம்முறுக்கின் அளவுக்கு வால்வு திறக்க, எண்ணெய் ஒரு பிஸ்டனின் ஒரு பக்கத்தில் பாய்ந்து நமக்காகத் தள்ளுகின்றது. கை உணரும் பாரம் என்பது அக்கம்பியை முறுக்கும் பாரமே. டயர்கள் எதிர்ப்பே காட்டாவிட்டால் கம்பி முறுக்கிக்கொள்வதில்லை; கைக்கு ஒன்றும் தெரிவதுமில்லை.

பம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான், நின்ற இடத்தில் வண்டியைத் திருப்ப அதிக உதவி தேவை. எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்பும் விரைந்து சுழலும். அப்போது மிகையாகும் எண்ணெயைத் திருப்பி அனுப்ப ஓர் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு அமைந்துள்ளது. அது அழுக்கால் ஒட்டிக்கொண்டாலோ, பம்பே வேறு பெரிய வண்டியினுடையதாக இருந்தாலோ, தேவைக்கு மிஞ்சிய எண்ணெய் பெட்டிக்குச் செல்லும். ஸ்டியரிங் காற்றில் சுழல்வது போலாகும்.

இக்குறை புதியதன்று. 1920களில் அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கம்பெனியில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர், கனத்த லாரிகளைத் திருப்புவோர் படும் பாட்டைக் கண்டு எண்ணெய் விசை ஸ்டியரிங்கை உருவாக்கினார். ஆயினும் 1951இல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் பொருத்திய பின்னரே அது பொதுமக்களின் கார்களுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்து அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் ஒரு விரலால் சக்கரத்தைச் சுழற்றலாம் என்பது விளம்பரப் பெருமை. சாலையின் உணர்வே கைக்கு எட்டவில்லை என்பது ஓட்டியவர்களின் முறையீடு. 1970இல் பிரான்சின் சித்ரோயன் கம்பெனி, வேகம் கூடக்கூடத் தானே பாரமாகும் ஸ்டியரிங்கை எஸ்.எம். என்ற காரில் அளித்தது. இன்றைய மின்விசை ஸ்டியரிங்குகளில் அவ்வேலையைச் சிறு கணினி செய்கின்றது. பழைய எண்ணெய் விசை வண்டிகளிலோ அதை நாமேதான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் கேட்ட கேள்விகள்

வாசலில் நின்ற வண்டியை மெக்கானிக் உடனே தொடவில்லை. சற்றுத் தொலைவில் நின்று பக்கவாட்டில் பார்த்தார். பின்னர்ப் பெரியவரை அழைத்துவரச் சொன்னார். மகன் விவரம் கூற முற்பட்டபோது, "ஓட்டினவர் சொல்லட்டும், தம்பி" என்று தடுத்துவிட்டார்.

"ஐயா, எப்போதும் இலகுவாக இருக்கிறதா, சில சமயம் மட்டுமா?" என்றார். எப்போதும் இலகுதான், இறக்கத்தில் எஞ்சின் இரையும்போது இன்னும் இலகு என்றார் பெரியவர். "திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நிமிர்கிறதா?" இல்லை, நாமே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "சுமையோடு எப்படி, சுமையின்றி எப்படி?" அதைத்தான் அன்றே சொன்னேன் என்று பெரியவர் மகனைப் பார்த்தார். மூட்டை இருந்தால் தேவலை. வெறும் வண்டிதான் அலைகிறது.

இக்கேள்விகளை வாசகர்களும் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. நோயறியும் மருத்துவர் நாடி பார்ப்பது போல, இவற்றின் விடைகளே பழுதின் இருப்பிடத்தைக் காட்டிவிடும். எந்த வேகத்திலும் இலகுவாயிருந்து, தானே நிமிராவிட்டால், டயரையும் சாய்வுக் கோணத்தையும் ஐயுற வேண்டும். எஞ்சின் விரையும்போது மட்டும் இலகுவானால் பம்பின் வால்வை. சுமை ஏற்றும்போது மட்டும் முன்புறம் மிதப்பது போலிருந்தால், சுமையை அடுக்கிய முறையை. இலகுவோடு ஆட்டமும் சேர்ந்து, சக்கரத்தின் விளிம்பு ஓரங்குலத்துக்கு மேல் வீணாக அசைந்தால், மூட்டுகளையும் பெட்டியையும். நம் அன்பரின் வண்டியில் முதலிரண்டும் சேர்ந்திருந்தன.

சுமையோடு நேராகச் செல்லும் வண்டி சுமையின்றி அலைவானேன்? விடை பின்புறத்தில் இருந்தது. அறுவடைக் காலத்தில் அதிக மூட்டை ஏற்றுவதற்காக, பின் அச்சில் பட்டை ஒன்று கூடுதலாகப் போடப்பட்டிருந்தது. ஆதலால் வெறும் வண்டியின் பின்புறம் சுமார் இரண்டு அங்குலம் தூக்கி நின்றது. பின்புறம் உயர்ந்தால் சட்டம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். முன் அச்சின் காஸ்டர் கோணம் அந்த அளவுக்குக் குறையும். முன் பின் சக்கரங்களுக்கிடையே சுமார் 2600 மில்லிமீட்டர் உள்ள வண்டியில், பின்புறம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் இழப்பது ஏறத்தாழ 1 பாகை. கேட்பதற்குச் சிறிதெனத் தோன்றும். ஆனால் தொடக்கத்திலேயே இரண்டு பாகையளவே இருந்த வண்டிக்கு அது பாதிச் செல்வம். மூட்டை ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்து, இழந்த கோணம் திரும்பக் கிடைத்தது. பெரியவர் கண்டு சொன்ன உண்மை இதுவே. கோணம், பாகை என்ற பெயர்களை அவர் அறியார். அவர் கை அறிந்திருந்தது.

செய்த வேலைகள்

பழுதைத் தீர்த்த வரிசையே இங்குக் கற்கத்தக்கது. செலவில்லாததை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் மெக்கானிக் வைத்துக்கொண்டார்.

முதலாவது, டயர்க் காற்று. வண்டி ஓடிச் சூடேறுமுன் அளந்து பார்த்ததில், முன் டயர்களில் குறித்த அளவைவிட 10 பவுண்டு மிகுதியாயிருந்தது. பின் டயருக்குச் சுமைக்கென அடிக்கும் காற்றையே நான்குக்கும் அடிப்பது கடைகளில் வழக்கமாகிவிட்டது. மிகையான காற்றால் டயர் உருண்டு, தரையைத் தொடும் பரப்புக் குறுகுகின்றது, ஸ்டியரிங் இலகுவாகின்றது, ஈரச் சாலையில் பிடிப்பும் குறைகின்றது. காற்றை இறக்கியதும் சிறிது வேறுபாடு தெரிந்தது.

இரண்டாவது, மூட்டுகள். முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கிங் பின் நன்றாயிருந்தது. ஸ்டியரிங் கம்பியின் ஒரு முனையில் தேய்மானம் இருந்ததால் அது மாற்றப்பட்டது. தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்துவது, ஆடும் மேசையில் வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போன்றது.

மூன்றாவது, நிற்கும் நிலை. கூடுதல் பட்டை கழற்றப்பட்டது. இனி அனுமதிக்கப்பட்ட சுமைக்கு மேல் ஏற்றலாகாது என்பது இதற்குள் அடங்கியிருக்கின்றது. மகன் சற்றுத் தயங்கினான். பெரியவர் உடனே இசைந்தார்.

நான்காவது, சாய்வுக் கோணம். முன் அச்சுக்கும் பட்டைகளுக்கும் இடையில், ஒரு புறம் தடித்து மறுபுறம் மெலிந்த ஆப்புத் தகடுகளை இருபுறமும் ஒரே அளவாக வைத்து, அச்சின் மேற்புறத்தைப் பின்னோக்கிச் சாய்த்தார். பின்னர்ச் சேலத்தில் அளவிடும் கருவியில் நிறுத்திச் சோதித்ததில் 3 பாகைக்குச் சற்று மேல் இருந்தது. இடமும் வலமும் ஒத்திருந்தன. ஒருபுறம் கூடி மறுபுறம் குறைந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். யு போல்ட்டுகளைச் சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் இறுக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். இத்தகைய வேலை முன் அச்சைத் தொடுவது. அனுபவமுள்ளவர் கையாலன்றிச் செய்யலாகாது.

ஐந்தாவது, பம்பு. லாரியின் பம்பைக் கழற்றி, அந்த ஸ்டியரிங் பெட்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த பம்பே பொருத்தப்பட்டது. பழைய எண்ணெயை முழுதும் வடித்து, குழாய்களைக் கழுவி, உரிய எண்ணெய் ஊற்றி, காற்றுக்குமிழிகள் நீங்கும்வரை சக்கரத்தை மெல்ல இருபுறமும் திருப்பினர். செலவு பெரும்பாலும் இந்த ஒன்றுக்கே ஆயிற்று.

செய்யலாகாதவை

இலகுவான ஸ்டியரிங்கைப் பாரமாக்க வழிப்பட்டறைகளில் சொல்லப்படும் குறுக்கு வழிகள் சில உண்டு. பெட்டியின் மேலுள்ள சரிசெய்யும் திருகை இறுக்கிவிடுவது அவற்றுள் முதன்மையானது. அது பற்களின் இடைவெளிக்காக அமைந்தது, பாரத்துக்காக அன்று. மிகையாக இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொண்டு, சக்கரம் நிமிராமலே போகும்; பற்களும் விரைவில் தேயும். பெல்ட்டைத் தளர்த்தி உதவியைக் குறைப்பது அதனினும் கொடியது. பெல்ட் வழுக்கும் நொடியில் உதவி திடீரென நின்று, அடுத்த நொடி திடீரென வரும். அது வளைவின் நடுவில் நேர்ந்தால் என்னாகும்? கெட்டியான வேறு எண்ணெயை ஊற்றுவது ரப்பர் வளையங்களைக் கெடுத்து ஒழுகலில் முடியும். உள்ளேயுள்ள முறுக்குக் கம்பியும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சரிசெய்யப்பட்ட இணை. அவற்றைத் தனித்தனியே மாற்றக் கூடாது.

பிறிதொன்றும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியில் திருத்தம் செய்வதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு விதித்துள்ளது. ஆகவே பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அதைப் பொருத்த நினைப்போர், முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வதே முறை. பாசத்தால் செய்த வேலையும் முறை தவறினால் ஆபத்தாக முடியலாம் என்பதற்கு இக்குடும்பமே சான்று.

மலைப்பாதையில் மேலும் சில எச்சரிக்கைகள் தேவை. டீசலை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவோர் இன்றும் உளர். எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும். ஸ்டியரிங் திடீரெனக் கல்லாகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஓரிரு மிதிகளுக்குமேல் நில்லாது. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவதே முன்னோர் கண்ட நெறி. மூட்டைகளைத் தொட்டியின் வால்புறத்தில் குவிக்காமல், ஓட்டுநர் அறையை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் அமையுமாறு அடுக்க வேண்டும். இல்லையேல் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் பாரமிழந்து திருப்பத்துக்குக் கட்டுப்படாமல் போகும். ஸ்டியரிங் சக்கரத்தில் குமிழ் பொருத்தி ஒற்றைக் கையால் சுழற்றுவதும் வேண்டாம். சட்டைக் கை அதில் சிக்கியதை நாம் கண்டிருக்கின்றோம். குறுகிய இடத்தில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு, இறங்குபவரே ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதியும் ஆகும்.

மீண்டும் சாவி

வேலை முடிந்த பின், மழையில்லாத காலை ஒன்றில், வெறும் வண்டியிலேயே சோதனைப் பயணம் புறப்பட்டோம். மெக்கானிக் தாம் ஓட்டவில்லை. மகனையும் ஓட்டவிடவில்லை. சாவியைப் பெரியவரிடம் கொடுக்கச் சொன்னார். மகன் ஒரு கணம் நின்றான். பிறகு இரு கைகளாலும் நீட்டினான்.

முதலிரண்டு வளைவுகளில் பெரியவரின் முகம் இறுகியிருந்தது. மூன்றாவதில், திருப்பம் முடிந்ததும் சக்கரம் அவர் உள்ளங்கைகளுக்குள் மெல்ல வழுக்கித் தானே நிமிர்வதைப் பின்னிருந்து நாம் கண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு விட்டார். அடிவாரத்தை அடைந்து வண்டியை நிறுத்தியபின், "முன்னைவிடக் கைக்குக் கொஞ்சம் பாரம்தான், தம்பி" என்றார் மெக்கானிக்கிடம். "குறைக்கட்டுமா, ஐயா?" என்று அவர் கேட்க, "வேண்டாம், இருக்கட்டும், இப்போதுதான் வண்டி பேசுகிறது" என்று சிரித்தார்.

வயது வயதுதான், அதை நாம் மறுக்கவில்லை. இருட்டிய பின்னும் மூடுபனியிலும் இனித் தாம் ஓட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். பகலில், பழகிய பாதையில், கண் மருத்துவரின் சோதனைக்குப் பின் ஓட்டுகிறார். தோள்வலிக்கு உரிய மருத்துவமும் நடைபெறுகின்றது. இம்முடிவுகளை எடுத்தவர் அவரே என்பதால் அவற்றில் அவருக்கு வருத்தமில்லை.

நம் இல்லங்களில் முதியோர் கையில் பொருளொன்று தவறும்போது, கையைக் குறை கூறுவது எளிது. பொருளைப் புரட்டிப் பார்க்கச் சிறிது பொறுமை வேண்டும். அப்பெரியவர் பழுதின் பாதியைத் தம் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். கேட்பதற்கு ஒருவர் இருந்திருந்தால், கைப்பிடிச் சுவரில் அந்தக் கீறல் விழுந்திராது. உங்கள் வீட்டுப் பழைய வண்டியும் ஒற்றை விரலில் சுழல்கின்றதென்றால், அதைப் பிறரிடம் பெருமையாகக் கூறுமுன், முன் டயரின் காற்றை ஒருமுறை அளந்து பாருங்கள். ஓட்டுகிறவரையும் ஒருமுறை கேளுங்கள்.